கொழும்புத்துறை வீட்டில் இன்னும் வேலை இருக்கிறது

சுவர் வேலைக்கும் பெயின்ற் வேலைக்கும் புதிதாக வந்திருக்கும் தம்பிமாரே, உங்களோடு இரண்டொரு தங்கச்சிமாரும் இருக்கிறார்கள், எல்லாருக்கும் சேர்த்தே சொல்கிறேன். என்னைக் காணும்போதெல்லாம் நீங்கள் கேட்பது ஒரே கேள்விதான். பழைய வீடு, வீட்டுக்காரரின் கையில் காசு குறைவு, முகப்பைப் புதிதாகக் காட்ட என்ன செய்யலாம்? முதலில் கழுவிப் பாருங்கள் என்பதுதான் என் பதில். அது உங்களுக்குப் பிடிப்பதில்லை. சுவர் முழுக்க ரைல்ஸ் ஒட்டி, மதிலில் இரண்டு சிங்கத்தை ஏற்றி வைத்தால்தான் உங்களுக்கு வேலை செய்த திருப்தி வருகிறது. பிறகு முன், பின் என்று இரண்டு படம் எடுத்து ரெலிபோனில் போடுகிறீர்கள். நானும் பார்க்கிறேன். சில வீடுகளில் எனக்கு 'முன்' படம்தான் பிடித்திருக்கிறது. இடுப்பு விட்டுப்போய்ச் சாரத்தில் ஏற முடியாத கிழவனுக்குப் பொறாமை என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போங்கள்.

சாந்து எப்படிக் குழைப்பது, எந்தச் சுவருக்கு எத்தனை பூச்சு என்பதெல்லாம் நீங்கள் கையால் செய்து பழகிக்கொள்வீர்கள். அதைச் சொல்ல நான் தேவையில்லை. ஒரு வேலை எப்போது முடிகிறது என்பதை மட்டும் எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. யாழ்ப்பாணக் கடலோரம், கொழும்புத்துறையில் ஒரு வீட்டில்தான் அதைப் பற்றி முதல்முறையாக யோசித்தேன். அந்த வீட்டை இனி உங்களில் ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டியிருப்பதால் இதைச் சொல்கிறேன்.

வீட்டுக்காரர் அந்தோனிப்பிள்ளை அண்ணை, தூர இடங்களுக்கு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். சுண்ணாம்புக் கல்லாலும் சீமெந்துக் கல்லாலும் வீடு கட்டும் எங்கள் ஊரில், தெற்கே ஓடிய பாதைகளில் பார்த்த செங்கல் வீடுகளில் ஆசைப்பட்டுச் செங்கல்லால் கட்டியவர். சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது கூரையும் யன்னலும் இல்லை, செங்கல் மட்டும் அப்படியே நின்றதாம். அதைச் சொல்லும்போது அவருக்கு ஒரு பெருமை. பிறகு ஏதோ ஒரு கிறிஸ்மஸுக்கு முகப்பு முழுவதும் கடும் சிவப்பு எண்ணெய்ப் பெயின்ற் அடித்து, செங்கல்லுக்குச் செங்கல் வெள்ளைக் கோடும் இழுத்திருந்தார். ஒரு காலத்தில் அதுதான் நாகரிகம். நான் போய்ப் பார்த்தபோது அந்தச் சிவப்பு கருகி, சுவர் முழுக்கக் கொப்புளம் போட்டு, கை பட்ட இடமெல்லாம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது.

காரணம் உப்பு. கடலுக்குப் பக்கத்து நிலம் அது. மாரியில் செங்கல் உப்புத் தண்ணீரைக் குடிக்கும், வெயில் வந்ததும் வெளியே தள்ளப் பார்க்கும். மேலே எண்ணெய்ப் பெயின்ற் வழியை அடைத்து நின்றால் அதையும் பிய்த்துக்கொண்டுதான் வரும். நான் போனது மாரி மழை ஓய்ந்த கையோடு. சுவர் ஊறிப்போய்க் கிடந்தது.

அண்ணை மெலிந்து, கழுத்தெலும்பு தெரிய விறாந்தையில் இருந்தார். தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். மனைவி றெஜினா அக்கா தேத்தண்ணி போட உள்ளே போனதும் என்னைக் கிட்டக் கூப்பிட்டார்.

"ஈஸ்டருக்கு மகன் பிரான்சிலையிருந்து வாறான், அதுக்கு வீட்டைத் திருத்திறன் எண்டு அவளுக்குச் சொல்லியிருக்கிறன். உமக்கு உண்மையைச் சொல்லுறன். இது என்ரை செத்தவீட்டுக்கு."

உப்பிடிக் கதைக்காதேங்கோ என்றேன். அவர் கையை அசைத்து அதைத் தள்ளிவிட்டார்.

"கதைக்காமல் விட்டால் வராதே? கேளும். இப்ப செத்தவீடு எண்டால் ஊராக்கள் மட்டுமே பாக்கினம்? கமராக்காரன் படலையடியிலை நிண்டு நேரடியா அனுப்புவான். பாரிசிலை, ரொறன்ரோவிலை இருக்கிற சொந்தமெல்லாம் ரெலிபோனிலை பாக்கும். பெட்டிக்குப் பின்னாலை இந்தச் சுவர்தான் தெரியும். அதுக்கு முன்னாலை நிண்டு அவள் அழவேணும். உரிஞ்ச சுவருக்கு முன்னாலை அவளை நிப்பாட்டிப்போட்டு நான் போகமாட்டன். மேலாலை இன்னொரு பூச்சு அடிச்சு விடும். ஒரு ரெண்டு மாதம் நிண்டால் காணும் எனக்கு."

அவர் கேட்டது சுலபமான வேலை. சுரண்டிவிட்டு மேலே ஒரு பூச்சு அடித்தால் அவர் சொன்ன காலத்துக்குப் பளபளவென்று நிற்கும். செலவும் குறைவு. வீட்டுக்காரரே வாயால் சொல்லிவிட்டார், வேறென்ன வேண்டும்? ஆனால் அடுத்த மாரிக்கு அது மறுபடியும் கொப்புளிக்கும். அப்போது அந்த வீட்டில் தனியாக இருக்கப்போவது அக்கா. விடிய எழும்பிக் கதவைத் திறந்தால் அந்தச் சுவரின் உதிர்ந்த பொருக்கைத்தான் அவர் கூட்டி அள்ளவேண்டும். வேலை தருபவர் ஒருவர், அதோடு வாழப்போகிறவர் இன்னொருவர் என்றால், வாழப்போகிறவரைத்தான் முதலில் நினைக்கவேண்டும். இது எங்கேயும் எழுதி வைத்த சட்டம் இல்லை. எனக்கு அப்படித்தான் பட்டது.

"அண்ணை, பழைய பெயின்ரை முழுக்க எடுத்து, உப்பைக் கழுவி, காயவிட்டு, சுண்ணாம்பு அடிப்பம். செங்கல் மூச்சு விடும். காசும் அவ்வளவு போகாது. ஆனால் காயவேணும்."

"எத்தினை நாள்?"

"அதைச் சுவர்தான் சொல்லவேணும்."

அவர் சிரித்தார். "டொக்டர்மாரும் இப்பிடித்தான் சொல்லுகினம். சரி, சுவரிட்டையே கேட்டுச் சொல்லும். ஆனால் கெதியாக் கேளும்."

மறுநாள் என் கையாட்களோடு வேலையைத் தொடங்கினோம். அவர் கதிரையைத் தூக்குவித்து முற்றத்து வேம்பின் கீழ் போட்டுக்கொண்டு எங்களை மேய்க்கத் தொடங்கினார். பஸ் ஓட்டிய காலத்தில் கொண்டக்ரரை எப்படி விரட்டியிருப்பார் என்பது அன்றே எனக்கு விளங்கிவிட்டது. கம்பி பிறஷ் சத்தம் ஒரு நிமிடம் நின்றால் போதும், "என்ன, அங்கை நித்திரையோ?" என்று குரல் வரும்.

படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு தூண் இருந்தது. அதன் சிவப்பை உரித்தபோது உள்ளே இருந்த செங்கற்கள் ஒன்றைப்போல ஒன்று இல்லை. ஒன்று கறுப்போடியது, ஒன்று மஞ்சள், ஒன்று நல்ல சிவப்பு. நீளத்திலும் வித்தியாசம். எந்த மேசன் இப்படிக் கட்டினான் என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். அண்ணை தலையைக் குனிந்துகொண்டார். விறாந்தையில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த றெஜினா அக்காதான் பதில் சொன்னார்.

"லொறியிலை எடுத்த கல்லு அந்தத் தூணுக்குக் காணேல்லை. கையிலை காசும் முடிஞ்சுது. இவர் என்ன செய்தவர் தெரியுமோ? பஸ் நிக்கிற ஊரிலையெல்லாம் சூளைக்குப் போய் ஒவ்வொரு கல்லு, ரெண்டு கல்லு கேட்டு வாங்கி, தன்ரை சீற்றுக்குக் கீழை வைச்சுக் கொண்டு வந்தவர். மற்றவையின்ரை புருசன்மார் தூரம் போயிட்டு வரேக்கை மல்லிகைப்பூ கொண்டு வருவினம், பலகாரம் கொண்டு வருவினம். எனக்குச் செங்கல்லு."

"அது வடிவில்லாமல் கிடக்கெண்டுதானே முழுவீட்டுக்கும் சிவப்பு அடிச்சனான்," என்றார் அண்ணை. "தம்பி, அந்தத் தூணை நல்லா மூடி அடியும். அந்த அசிங்கம் வெளியிலை தெரியக்கூடாது."

அக்கா சுளகை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

ஒரு நாள் மத்தியானம் கிணற்றடியில் வாளி கழுவிக்கொண்டு நின்றேன். அக்கா தண்ணீர் அள்ளுவதுபோல வந்து, அள்ளாமல் நின்றார்.

"தம்பி, எனக்கு எல்லாம் தெரியும். ஈஸ்டருக்கு எண்டு அவர் சொல்லுறார், நானும் ஓம் ஓம் எண்டு கேக்கிறன். டொக்டர் என்னையும் கூப்பிட்டுச் சொன்னவர். அது அவருக்குத் தெரியாது."

நான் வாளியைக் கீழே வைத்தேன்.

"நீங்கள் வாற நாளிலை விடியவே எழும்பி முகம் கழுவிக் கதிரையிலை வந்து இருக்கிறார். உங்களை ஏசிறதுக்காக எண்டாலும் கஞ்சி குடிக்கிறார். ஞாயிற்றுக்கிழமையிலை நீங்கள் வராட்டி கட்டிலாலை எழும்பவே மாட்டன் எண்டுறார். வேலை முடிஞ்சால் பிறகு என்னத்துக்கு எழும்புவார்? கெதியா முடிக்காதேங்கோ தம்பி. உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன். ஆறுதலா, மெதுவாச் செய்யுங்கோ."

இருதலைக் கொள்ளி எறும்பு என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். அது எப்படி என்று அன்று விளங்கியது. தன்னைப் பார்க்க வரும் சனத்துக்கு முன்னால் மனைவி குறைந்து நிற்கக்கூடாது என்று அவருக்கு அவசரம். அவர் இன்னும் ஒரு நாள் கதிரையில் இருக்கவேண்டும் என்று அக்காவுக்கு ஆசை. இரண்டு பேரும் கேட்டது என்னிடம். எவருக்கு ஓம் சொன்னாலும் மற்றவருக்குத் துரோகம்.

நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்கிறேன், சரியா பிழையா என்று நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். பொய் சொல்வதில்லை என்று முதலில் தீர்மானித்தேன். சுவர் காயாமல் சுண்ணாம்பு அடிக்கக்கூடாது என்பது உண்மை. எனவே அது காயும்வரை காத்திருந்தேன், ஒரு நாளும் முந்தவில்லை. ஆனால் சாதாரணமாகச் சுவர் காயும் நாட்களில் நாங்கள் வேறு வேலைக்குப் போய்விடுவோம் அல்லவா, அப்படிப் போகவில்லை. தினமும் போனேன். செய்ய ஒன்றும் இல்லாத நாளில் ஒரு செங்கல்லைத் துடைத்தேன். படிக்கட்டின் சிவப்புச் சீமெந்தைத் தேய்த்து மினுக்கினேன். யன்னல் மூலையில் உதிர்ந்திருந்த சாந்தைப் புதிதாகப் பூசி, கம்பியில் துரு பார்த்தேன். எங்கள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் மாணவர் தங்கும் பெரிய வீடொன்றின் வேலை என் பெயரில் இருந்தது. அந்த வீட்டுக்காரர் தொலைபேசியில் என்னைக் கிழி கிழியென்று கிழித்துவிட்டு வேறு ஆளைப் பிடித்தார். போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

பஸ் ஓட்டியவருக்கு வேகம் குறைந்தால் தெரியாதா? ஒரு காலை அவர் என்னைக் கிட்டக் கூப்பிட்டார். அக்கா சந்தைக்குப் போயிருந்தார்.

"சுவர் காஞ்சு கிடக்கு. ஏன் இழுக்கிறீர்?"

"இன்னும் கொஞ்சம் காயலாம் அண்ணை."

"அவள் உம்மோடை கதைச்சவளோ?"

நான் குனிந்து வாளியைக் கையில் எடுத்தேன். அதுவே பதிலாகிவிட்டது. அவர் சுவர்ப் பக்கம் திரும்பினார். கண் கலங்கியது, துடைக்கவில்லை. பிறகு, "சரி, போய் வேலையைப் பாரும்," என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் நான் வந்து இறங்கியதும் ஊருக்கே கேட்கிற மாதிரிக் கத்தினார். "உந்த யன்னல் மூலையிலை சாந்து சரியில்லை. என்ன வேலை இது? கிண்டிப்போட்டுத் திரும்பச் செய்யும்." போய்ப் பார்த்தேன். அந்தச் சாந்தில் ஒரு குறையும் இல்லை. திரும்பி அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் குசினிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே அக்கா புட்டுப் பானைக்கு முன்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து தினமும் ஒரு பிழை கண்டுபிடித்தார். கெதியாக முடி என்று நின்ற மனிசன், தனக்கு வேண்டியதை விட்டுவிட்டு, மனைவிக்காக வேலையை இழுக்கத் தொடங்கிவிட்டார். எதற்காக இழுக்கிறார் என்று அக்காவுக்குத் தெரியாது, அக்கா என்னிடம் கேட்டது தனக்குத் தெரியுமென்று அவரும் காட்டிக்கொள்ளவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் நான் நல்ல சாந்தைக் கிண்டிக் கிண்டி மறுபடியும் பூசினேன். அந்த நாட்களில் வீட்டுக்குப் போனால் எனக்குச் சாப்பாடு இறங்காது. என் மனைவி என்னவென்று கேட்பாள். கை நோகிறது என்பேன்.

குரல் நாளுக்கு நாள் இறங்கியது. கடைசியில் விரலால் காட்டுவார், நான் கிட்டப் போய்க் காதைக் கொடுத்துக் கேட்பேன். முகப்புக்குச் சுண்ணாம்பு அடித்து, அது காயக் காய வெளுத்து வந்தபோது, பழைய வீடு என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். அதைப் பார்த்துவிட்டு, "வடிவாத்தான் இருக்கு," என்றார். அவர் வாயால் வந்த ஒரே பாராட்டு அது. உடனேயே, "ஆனால் தூண் கிடக்கு," என்றார். தூணைத்தான் கடைசிக்கு வைத்திருந்தேன். அதை முடித்தால் எல்லாம் முடிந்துவிடும் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

அந்தக் கிழமை அவரைத் தெல்லிப்பழைக்கு ஏற்றினார்கள். திரும்பி வரவில்லை.

மகன் வந்து இறங்கிய மறுநாள் செத்தவீடு. காலையில் நான் போனபோது பந்தல் போட்டாகிவிட்டது. கமராக்காரன் அண்ணை சொன்னபடியே படலை வாசலில் மூன்று கால் கட்டையை நாட்டிக்கொண்டிருந்தான். அங்கிருந்து பார்த்தால் வெள்ளை முகப்பு, அதன் நடுவில் உரித்தபடி பல நிறத்தில் நிற்கும் தூண். மகன் என்னிடம் ஓடி வந்தார். பாவம், தகப்பனை உயிரோடு பார்க்கக் கிடைக்காத பிள்ளை.

"அண்ணை, இதை இப்பவே அடிச்சு விடுங்கோ. இல்லாட்டி மேலாலை ஒரு துணியாவது கட்டுவம். எல்லாரும் பாக்கப்போகினம்."

பெட்டி வர இன்னும் நேரம் இருந்தது. சுண்ணாம்பு கரைத்தபடி வாளியில் இருந்தது, தூணும் காய்ந்திருந்தது. அண்ணை கேட்டதும் இதைத்தானே? அந்த அசிங்கம் வெளியில் தெரியக்கூடாது என்று அவர் சொன்னது காதில் நின்றது. உயிரோடு இருக்கும்போது அவருக்குச் செய்து கொடுக்காததை இப்போதாவது செய்வோம் என்று பிறஷை நனைத்தேன்.

"தம்பி, வேண்டாம்."

றெஜினா அக்கா கறுப்புச் சேலையோடு வாசலில் நின்றார். இரண்டு பெண்கள் பிடித்திருந்தார்கள். அவர்களை விலக்கிவிட்டுப் படியிறங்கி வந்தார்.

"அம்மா, வெளிநாட்டாக்கள் எல்லாரும் பாப்பினம்," என்றார் மகன்.

"பாக்கட்டும். வேலை முடியேல்லை எண்டு பாக்கட்டும்."

பிறஷை வாளிக்குள் வைத்தேன். உங்களுக்குச் சொல்கிறேன், அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை போகாது என்பார்கள். அன்று என் கை போயிருந்தால், திருப்பி எடுக்க முடியாத ஒன்றைச் செய்திருப்பேன். செங்கல் ஒருமுறை குடித்த சுண்ணாம்பை முழுதாகக் கழுவி எடுக்க ஒருவராலும் முடியாது.

பெட்டியை முன்னால் வைத்துப் பாடல் படித்து முடியும்வரை அக்கா அந்தத் தூணில் சாய்ந்துதான் நின்றார். ஒரு கையால் ஒரு கறுப்புச் செங்கல்லைப் பிடித்திருந்தார். பாரிசிலும் ரொறன்ரோவிலும் இருந்தவர்கள் பார்த்தது அதைத்தான். பிறகு ரொறன்ரோவிலிருந்து ஒருவர் எனக்கு அழைத்து, ஊரில் தான் கட்டும் வீட்டுக்கு அந்த மாதிரி ஒரு தூண் செய்து தர முடியுமா என்று கேட்டார். அதுக்கு நீங்கள் பஸ் ஓடவேணும் என்றேன். அவருக்கு விளங்கவில்லை.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த பிறகு, மிச்ச வேலையைச் செய்யவா என்று கேட்டுப் போனேன். அக்கா தூணைத் திரும்பியும் பார்க்கவில்லை. "அது கிடக்கட்டும். உந்த யன்னல் மூலையிலை சாந்து சரியில்லைப் போலை. ஒருக்காப் பாருங்கோ," என்றார். நான் போய்ப் பார்த்தேன். அதே மூலைதான், அதே நல்ல சாந்துதான். ஒன்றும் சொல்லாமல் கிண்டி, புதிதாகக் குழைத்துப் பூசினேன். அக்கா வேம்பின் கீழ் அந்தக் கதிரையைப் போட்டு இருந்து பார்த்தார். தேத்தண்ணி தந்தார். போகும்போது, "பிறகும் வருவியள்தானே?" என்றார்.

அதன் பிறகு எத்தனையோ முறை அழைப்பு வந்துவிட்டது. படியில் வெடிப்பு என்பார், வெடிப்பு இருக்காது. முகப்பில் உப்புப் பூத்திருக்கு என்பார், பூத்திருக்காது. நான் வாளியோடு போய் அவர் காட்டிய இடத்தைச் செய்துவிட்டு வருவேன். தொழிலில் இருந்து நின்ற பிறகும் போனேன். இப்போது பஸ் ஏறி இறங்கவும் இடுப்பு விடுகிறதில்லை. போன கிழமையும் அழைத்திருந்தார். அந்த யன்னல் மூலைதான்.

உங்களில் யாருக்குக் கொழும்புத்துறைப் பக்கம் கிட்டவோ, அவர் இந்த ஞாயிறு கழிந்ததும் போகட்டும். சுண்ணாம்பு கொஞ்சம், சாந்து கொஞ்சம் போதும். படிக்கட்டுப் பக்கத்துத் தூணைத் தொடவேண்டாம். அக்கா காட்டும் இடத்தில் ஒரு பிழையும் தெரியாது. தெரிந்தது என்று சொல்லவும் வேண்டாம், இல்லை என்று சொல்லவும் வேண்டாம். கிண்டிவிட்டுத் திரும்பப் பூசுங்கள், ஆறுதலாகப் பூசுங்கள். புறப்படும்போது படலையடியில் நின்று கேட்பார், வேலை முடிஞ்சுதோ தம்பி என்று. இன்னும் கொஞ்சம் கிடக்கு அக்கா என்று சொல்லிவிட்டு வாருங்கள்.